உபதேசம் விசுவாசியின் உரிமை: ஒரு கொள்கைப் பிரகடனம்

முகவுரை

தமிழகத்துத் திருச்சபைகளின் விசுவாசிகளும் போதகர்களும் உபதேசியார்களும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களுமாகிய நாங்கள் கூடி இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம். எங்களில் தென்னிந்தியத் திருச்சபையார் உண்டு, லுத்தரன் சபையார் உண்டு, பாப்திஸ்து சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் உண்டு. எந்தப் பெரிய அமைப்போடும் சேராத தனிச் சபைக்காரரும் உண்டு. யாரும் தம் சபையை விட்டு வரவில்லை. விட்டு வரும்படி யாரையும் கேட்கவும் மாட்டோம்.

எங்களைச் சேர்த்து உட்காரவைத்த காரியம் ஒன்றே. ஒரு சபை எதை விசுவாசிக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாருக்கும் புரியும்படி கற்பிக்கப்பட வேண்டும். அப்படி இருக்கிற சபையில், கடைசிப் பெஞ்சில் உட்காரும் பாட்டிகூட, "ஐயா, நீங்க சொன்னது வேதத்துல எங்க இருக்கு?" என்று கேட்க முடியும். அப்படி இல்லாத சபையில் பிரசங்கியார் வாயிலிருந்து வருவதே உபதேசம் ஆகிவிடுகிறது. அவர் மனம் மாறினால் உபதேசமும் மாறும். அவரைக் கேள்வி கேட்டவர் தேவனுக்கு விரோதி ஆகிவிடுவார்.

ஆகவே, உபதேசம் வேதாகமக் கல்லூரிக்காரர் சமாசாரம், நமக்கு ஜெபமும் துதியும் போதும் என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. பதவியும் மைக்கும் இல்லாத விசுவாசியின் கையில் இருக்கிற அளவுகோல் உபதேசம்தான். அதை அவர் கையிலிருந்து யாரும் பிடுங்கக்கூடாது என்பதற்காகவே இந்த இயக்கம்.

நாங்கள் காண்பது

டிசம்பர் 31 இரவு ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். முடியும் தறுவாயில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வருகின்றன. கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம். எரேமியா 29:11 பலர் கைக்கு வரும். தேவன் தம் ஜனத்துக்கு நல்ல முடிவை வைத்திருக்கிறார் என்று ஆறுதல் சொல்லும் வசனம் அது. பூப்படம் போட்ட அந்த அட்டை வீட்டுக்கு வந்ததும் பீரோ கண்ணாடியில் ஏறிவிடும்.

அதற்கு முந்தின பத்தாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பிவர எழுபது ஆண்டு ஆகும் என்கிறது அது. எரேமியா அவர்களுக்கு எழுதி அனுப்பிய அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்நிய மண்ணிலேயே கண்மூட வேண்டியவர்கள். இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவரும் என்று முழங்கிய ஒருவனும் இருந்தான். முந்தின அதிகாரத்தில் வரும் அனனியா அவன். ஆலயத்தில், ஆசாரியரும் ஜனங்களும் பார்த்திருக்கச் சொன்னான். கர்த்தர் உன்னை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். இன்று நம் அட்டையில் இருப்பது எரேமியாவின் வசனம். நாம் அதை வாசிக்கும் விதமோ அனனியாவினுடையது.

அட்டை கொடுப்பது பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பத்தாம் வசனத்தைக் கற்பிக்காமல் பதினோராம் வசனத்தை மட்டும் கையில் கொடுத்தால், மார்ச் மாதம் வேலை போனவர் ஏப்ரலில் தன் விசுவாசத்தையே சந்தேகிக்கிறார். அந்த இடத்தில்தான் 'விதை' காணிக்கை கேட்கும் குரல் வந்து சேருகிறது. பத்தாயிரம் விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம் என்கிறார்கள். கந்துவட்டிக்கு வாங்கி விதைத்தவர்களும் உண்டு. சுகம் கிடைத்துவிட்டதாக அறிக்கையிடு, மாத்திரையை நிறுத்து என்கிறார்கள். சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர், "உங்களுக்கு விசுவாசம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பழைய சபைகளும் இதில் தப்பவில்லை. விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் எழுந்து நின்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறோம். அதில் ரோமத் தேசாதிபதி பொந்தியு பிலாத்துவின் பெயர் ஏன் வருகிறது என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. இயேசுவின் பாடுகள் ஒரு குறிப்பிட்ட ஆட்சியில், ஒரு குறிப்பிட்ட ஊரில் நடந்த சரித்திரம், கட்டுக்கதை அல்ல என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி. இவ்வளவு எளிய விளக்கத்தையும் நாம் கொடுக்கவில்லை. திடப்படுத்தல் வகுப்பு நாலு சனிக்கிழமையில் முடிந்துவிடுகிறது. சபைத் தேர்தலுக்கோ ஆறு மாதம் ஓடியாடி வேலை நடக்கிறது.

நாங்கள் நிற்கும் வரிசை

இது புதிய கோரிக்கை அல்ல. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகமே ஞானோபதேசப் புத்தகம்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவரிடையே உழைத்த அண்டிரிக் அடிகளாரின் பணி. வெறும் பதினாறு பக்கம். கடலோரத்து மீனவக் குடும்பங்கள் தாங்கள் எதை விசுவாசிக்கிறோம் என்று தங்கள் சொந்தமொழியில் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுந்த நூல். அது கத்தோலிக்கர் நூல் என்பதற்காக அதன் முன்மாதிரியை நாங்கள் ஒதுக்கமாட்டோம்.

ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் 1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்தபோது, பத்துக் கட்டளையும் கர்த்தருடைய ஜெபமும் தெரியாத சனங்களையும், கற்பிக்கத் தெரியாத போதகர்களையும் கண்டு நொந்துபோனார். அடுத்த ஆண்டே சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாங்கில், கேள்வியும் பதிலுமாக அதை அமைத்தார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்தவற்றில் அந்த ஞானோபதேசமும் ஒன்று.

இன்னும் பின்னோக்கிப் போனால் கி.பி. 325, நிசேயா மாநாடு. குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று அலெக்சந்திரியா நகரத்து மூப்பர் ஆரியுஸ் போதித்தார். நம்மை இரட்சிக்க வந்தவர் தேவன்தானா, தேவன் அனுப்பிய உயர்ந்த படைப்பு ஒன்றுதானா என்பதே அங்கே கேள்வி. அவர் மெய்யான தேவன் என்று மாநாடு எழுதிவைத்தது. மாநாட்டைக் கூட்டியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதினதைத் தளர்த்தும்படி பின்னால் அரண்மனையே நெருக்கியபோது அத்தனாசியுஸ் பேராயர் இணங்கவில்லை. ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். எழுத்தில் இருந்த உபதேசத்தை அரசனாலும் தன் இஷ்டத்துக்கு வளைக்க முடியாமல் போயிற்று. 1700 ஆண்டு கழித்தும் நாம் அதைச் சொல்லி வருகிறோம்.

கடந்த நூற்றாண்டில் அதே சோதனை ஜெர்மனிக்கு வந்தது. ஹிட்லரின் ஆட்சியில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற கூட்டம் சபை நிர்வாகத்தைப் பிடித்துக்கொண்டு, யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை நீக்க வேண்டும் என்றது. தலைவரின் எழுச்சியில் தேவனின் வெளிப்பாட்டைக் கண்டது. 1934 மே 29 முதல் 31 வரை பார்மென் நகரில் லுத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகளைச் சேர்ந்த 139 பிரதிநிதிகள் கூடி ஆறு அறிக்கைகள் வெளியிட்டார்கள். முக்கியமாக எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். ஒவ்வொரு அறிக்கையிலும் எதை விசுவாசிக்கிறோம் என்று சொல்லி, அதனால் எதை மறுக்கிறோம் என்றும் சொன்னார்கள். நாங்களும் அந்த அமைப்பையே எடுத்துக்கொள்கிறோம்.

பார்மெனின் குறையையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறோம். தெருவில் அடிபட்டுக்கொண்டிருந்த யூதரைப் பற்றி அந்த ஆறு அறிக்கைகளில் ஒரு வார்த்தை இல்லை. பார்த்தே பின்னாளில் அதைத் தம் பிழையாக ஒத்துக்கொண்டார். உபதேசம் சரியாக இருந்தால் போதாது. கண்முன் நடக்கும் பாவத்தை அது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனவே எங்கள் அறிக்கையில் சாதியைப் பெயர் சொல்லியே எழுதுகிறோம்.

அறிக்கையும் மறுப்பும்

ஒன்று: வேதம். பழைய, புதிய ஏற்பாடுகளாகிய பரிசுத்த வேதாகமமே சபையின் விசுவாசத்துக்கும் நடக்கைக்கும் இறுதி அளவு என்று அறிக்கையிடுகிறோம். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் பெரோயா ஊரார். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் அவர்களைப் பாராட்டுகிறது. "தேவன் என்னோடு பேசினார்" என்ற ஒரு வாக்கியத்தால் எல்லாக் கேள்விகளுக்கும் வாய்ப்பூட்டு போடும் வழக்கத்தை மறுக்கிறோம்.

இரண்டு: கிறிஸ்து. மெய்யான தேவனும் மெய்யான மனுஷனுமாகிய இயேசு கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தார். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்படுகிறோம். கிறிஸ்து மரித்து உயிர்த்த செய்தியைத் தாமும் பெற்றுக்கொண்டே ஒப்புவித்ததாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். சொந்தச் சரக்கு என்று சொல்லவில்லை. வீடு, விசா, அரசு வேலை ஆகியவற்றுக்கு வழிசெய்யும் ஒருவராக மட்டும் கிறிஸ்துவை அறிவிக்கும் பிரசங்கத்தை மறுக்கிறோம். அவற்றுக்காக ஜெபிக்கலாம். ஆனால் அவை கிடைக்காவிட்டாலும் சுவிசேஷம் சுவிசேஷமே.

மூன்று: வியாதியும் சுகமும். தேவன் இன்றும் சுகமாக்குகிறார் என்று விசுவாசித்து, வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிறோம். அதே பவுல், வயிற்றுக் கோளாறும் அடிக்கடி பலவீனமும் இருந்த தீமோத்தேயுவைக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுப் போனார். தம் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்றுமுறை வேண்டியும் அது நீங்கவில்லை. இவர்களில் யாருக்கு விசுவாசம் குறைவு? சுகமாகாதவர் மேல் பழி சுமத்துவதையும், மருந்தை நிறுத்தச் சொல்வதையும் பாவம் என்றே மறுக்கிறோம்.

நான்கு: ஆவியின் வரங்கள். பரிசுத்த ஆவியானவர் சபைக்கு வரங்களைத் தருகிறார். எந்த வரம் எந்த அளவில் இன்று செயல்படுகிறது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் 18ஆம் அதிகாரம் தீர்த்துச் சொல்கிறது. தேர்தல் முடிவும் பரீட்சை முடிவும் திருமணத் தேதியும் மேடையில் சொல்லி, பொய்த்தபின் வாய்மூடி இருப்பதை மறுக்கிறோம்.

ஐந்து: ஒரே மேசை. ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் கிறிஸ்துவுக்குள் ஒரே சரீரம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அதை மரியாதைக் குறைவு என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறு என்று எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தவர் எவரும், பந்தியில் பிரிந்து உட்காருவது உபதேச விஷயமல்ல, ஊர் வழக்கம் என்று சொல்ல முடியாது. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கிற ஊர்கள் உண்டு. சாதி பார்த்துப் போதகரை ஏற்பதும், சாதி பார்த்துச் சபைத் தேர்தலில் ஓட்டுப் போடுவதும், வரன் விளம்பரத்தில் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் போடுவதும் சுவிசேஷத்தை மறுதலிப்பதே என்கிறோம்.

ஆறு: காணிக்கையும் அதிகாரமும். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிச் செல்லவில்லை. குற்றச்சாட்டுக்கு இடம் வைக்காதபடி, சபைகள் தேர்ந்தெடுத்தவரையும் கூட அனுப்ப ஏற்பாடு செய்தார். கணக்குக் காட்டுவது கர்த்தருக்கும் மனுஷருக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய நன்மை என்பது அவர் உபதேசம். முதன்மையை விரும்பி, பிடிக்காதவரைச் சபைக்குப் புறம்பாக்கிய தியோத்திரேப்புவை யோவானின் மூன்றாம் நிருபம் கண்டிக்கிறது. கணக்குக் கேட்டவரை 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொட்டவர்' என்று மிரட்டுவதை மறுக்கிறோம்.

உபதேசம் பிரிக்கும் என்பார்க்கு

உபதேசம் பேசினால் சபை பிளக்கும், அன்பு மட்டும் போதும் என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தரங்கம்பாடியே அவர்களுக்குப் பதில். 1919 மே மாதம் அங்கே ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் அசரியா. கருத்து வேறுபாட்டைப் பூசி மெழுகி அவர்கள் ஒன்றுசேரவில்லை. வேதம், அப்போஸ்தல, நிசேயா விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் ஊழியம் என்று நான்கு அடித்தளங்களை எழுதிவைத்துப் பேசத் தொடங்கினார்கள். பேச்சு 28 ஆண்டு நீண்டது. மெதடிஸ்து சபையாரும் சேர, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காண உயிரோடு இல்லை. ஆனால் எழுதிவைத்த உபதேசத்தின்மேல் கட்டியதால்தான் அந்த ஐக்கியம் நின்றது. நம்மூரில் சபைகள் பிளந்த கதைகளை விசாரித்தால், பாதிக்கு மேல் சொத்தும் பதவியும் சாதியுமே காரணமாக வரும். உபதேசம் வெறும் சாக்குதான்.

தெளிவு என்பது எல்லாவற்றையும் கடினமாக்குவதும் அல்ல. எது மையம், எது ஓரம் என்று பிரித்துச் சொல்வதும் தெளிவில் சேர்ந்ததே. திரித்துவம், கிறிஸ்துவின் தேவத்துவம், சிலுவை, உயிர்த்தெழுதல், கிருபையினால் இரட்சிப்பு ஆகியவற்றில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானமா, விசுவாசித்தபின் முழுக்கா, சபையை ஆள்வது பேராயரா மூப்பர் குழுவா என்பவற்றில் ஒவ்வொரு சபையும் தன் நிலையைச் சொல்லட்டும். மற்ற சபையைச் சகோதர சபை என்று மதிக்கட்டும். நகை போடலாமா, வெள்ளைதான் உடுத்த வேண்டுமா, கிறிஸ்மஸ் கொண்டாடலாமா என்பவை அவரவர் மனச்சாட்சிக்கு உரியவை. ஓரத்தை மையமாக்கிப் பெண்களின் கழுத்தையும் காதையும் கண்காணிக்கிற சபை, மையத்தில் விதைப் பிரசங்கம் நுழைந்ததைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

நாங்கள் செய்யப்போவது

முதலாவது, ஒவ்வொரு சபையும் தன் விசுவாச அறிக்கையை ஒரே தாளில், எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரியும் தமிழில் எழுதி, எல்லா வீட்டுக்கும் கொடுக்கத் துணைநிற்போம். வாசிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்து விளக்குவது அந்தப் பகுதி மூப்பரின் கடமை.

இரண்டாவது, ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் முன் ஓராண்டு உபதேச வகுப்பு. மனப்பாடம் மட்டும் போதாது. மாணவர் கேட்கும் கேள்விகளுக்கும் அதில் இடம் வேண்டும்.

மூன்றாவது, மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் பிரசங்கத்தைப் பற்றிக் கேள்வி நேரம். பெண்கள் கேட்கட்டும், வாலிபர் கேட்கட்டும். பிரசங்கியாருக்கு உடனே பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் சொல்லலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நான்காவது, பாடல்கள். பிரசங்கம் திங்கட்கிழமை மறந்துபோகும், பாட்டு வாரம் முழுக்க வாயில் இருக்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடியே உபதேசம் கற்றவர்கள் நம் முன்னோர். புதிய பாடல்களை நாங்கள் வெறுக்கவில்லை. சபையில் பாடுமுன் போதகரும் பாடகர் குழுவும் வரிகளை வேதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். 'நான், எனக்கு, என்னை' தவிர வேறொன்றும் இல்லாத பாட்டில் கிறிஸ்து எங்கே என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, சபையில் சொல்லப்படும் தீர்க்கதரிசனங்களைத் தேதியோடு பதிவேட்டில் எழுதிவைத்து, மூப்பர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தணிக்கையான வரவுசெலவுக் கணக்கும் அதே கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

எங்கள் எல்லை

இது புதிய சபை அல்ல. ஞாயிறு ஆராதனை நடத்தமாட்டோம், தசமபாகம் வாங்கமாட்டோம், பேராயர் தேர்தலில் வேட்பாளர் நிறுத்தமாட்டோம். யூடியூபில் உட்கார்ந்து ஊழியக்காரரைப் பெயர் சொல்லி ஏசும் வேலையும் எங்களுக்கு வேண்டாம். தவறான போதகத்தைத் தவறு என்று சொல்வோம். போதித்தவரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசுவோம். பிற சமயத்தாரை இழிவாகப் பேசுவது எங்கள் உபதேசத்தில் இல்லை. சொந்த விசுவாசத்தைத் தெளிவாக அறிந்தவருக்கு அடுத்தவரைப் பழிக்க வேண்டிய அவசியம் வராது.

உபதேசம் தெரிந்தவன் என்ற கர்வம் எங்களுக்குள் நுழையக்கூடும் என்பதும் தெரியும். கள்ள உபதேசத்தைச் சகிக்காமல் உபதேசத்தைக் காத்த எபேசு சபை, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டதற்காக வெளிப்படுத்தின விசேஷத்தில் கண்டிக்கப்பட்டது. ஆகையால் இந்த இயக்கத்தில் பொறுப்பேற்கிறவர் யாராயினும், வகுப்பெடுக்கும் நேரத்துக்குச் சமமான நேரத்தை வியாதியஸ்தரையும் கடன்பட்டவரையும் சந்திப்பதில் செலவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

அழைப்பு

போதகர்களே, உங்களுக்கு விரோதமாக இதை எழுதவில்லை. தெளிவான உபதேசம் உள்ள சபையில் போதகர் தானே எல்லாமாக இருக்க வேண்டிய பாரம் இல்லை. பெற்றோரே, பிள்ளைகளுக்கு வசனப் போட்டிப் பரிசு மட்டும் போதாது; அந்த வசனம் ஏன் உண்மை என்றும் சொல்லிக்கொடுங்கள். வாலிபரே, சந்தேகம் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் பெரோயா ஊராரைக் காட்டுங்கள்.

இந்தப் பிரகடனமும் சோதிக்கப்பட வேண்டியதே. கையெழுத்திடுமுன் வீட்டில் வேதத்தைத் திறந்துவைத்து ஒவ்வொரு பிரிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேதத்துக்கு ஒவ்வாத வரி இருந்தால் அதிகாரமும் வசனமும் குறிப்பிட்டு எங்களுக்கு எழுதுங்கள். கூடிப் பேசித் திருத்துவோம், திருத்தியதை எல்லாருக்கும் அறிவிப்போம். ஒவ்வுகிறது என்று கண்டால் கையெழுத்திட்டு, உங்கள் சபையின் விசுவாச அறிக்கையை உங்கள் போதகரிடமே கேட்டு வாங்குங்கள். அது எழுத்தில் இல்லை என்று அவர் சொன்னால், எழுத உதவி செய்கிறேன் என்று சொல்லுங்கள். இந்த இயக்கத்தில் உங்கள் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.